எந்த ஒலிக்கு எந்த மசகு?

இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நகருமானால் அங்கே உராய்வு உண்டு. உராய்வு உள்ள இடத்தில் தேய்மானம் உண்டு; வெப்பம் உண்டு; சில வேளைகளில் ஒலியும் உண்டு. மாட்டுவண்டிகள் மிகுதியாக ஓடிய காலத்தில் வண்டிக்காரர்கள் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து 'வண்டி மை' செய்து இருப்பு அச்சுக்கு இட்டார்கள். சக்கரம் கிறீச்சிட்டால் மை வறண்டுவிட்டது என்று பொருள். உரசிய இடம் ஒன்றே. ஆதலால் மையும் ஒன்றே போதுமானதாயிற்று.

இன்றைய மோட்டார் காரில் நிலைமை அவ்வளவு எளிதன்று. சன்ரூஃப் எனப்படும் கூரைச் சாளரத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் கண்ணாடிப் பலகை இருக்கிறது; அதன் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை இருக்கிறது; பலகை நகர்வதற்கு அலுமினியத் தண்டவாளங்களும், அவற்றில் வழுக்கிச் செல்லும் பிளாஸ்டிக் துண்டுகளும், இழுப்பதற்கு எஃகு வடமும் இருக்கின்றன. சில ஆண்டுகள் வெயிலிலும் புழுதியிலும் ஓடியபின் இந்தச் சாளரம் முனகத் தொடங்கும். "எந்த எண்ணெயை இடலாம்?" என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. "அங்கே எதனோடு எது உரசுகிறது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தாலன்றி முதற் கேள்விக்கு விடை கிடைக்காது.

முதலில், உராய்வு ஏன் ஒலியாகிறது என்று காண்போம். நிற்கும் பொருளை நகர்த்தத் தொடங்குவதற்கு வேண்டிய விசை, நகர்கின்ற பொருளைத் தொடர்ந்து நகர்த்துவதற்கு வேண்டிய விசையைவிடப் பொதுவாக அதிகம். பிரெஞ்சு அறிஞர் கூலும் 1785-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இவ்விரு வகை உராய்வுகளையும் விரிவாக அளந்து காட்டினார். கார் குலுங்கும்போது ரப்பர் பட்டை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு சிறிது வளைகிறது, வளைவு மிகுந்ததும் சட்டென்று விடுபட்டு நழுவுகிறது, மறுபடியும் ஒட்டுகிறது. ஒரு வினாடிக்குள் இது பல நூறு முறை நிகழுமானால் அந்த அதிர்வே 'கிறீச்' என்னும் ஒலியாக நம் செவியை எட்டுகிறது. வயலின் வில் தந்தியை ஒலிக்கச் செய்வதும் இதே முறையில்தான். வயலின் கலைஞர் ரோஸின் தடவி ஒட்டுந்தன்மையை வளர்க்கிறார். நாம் மசகிட்டு அதைக் குறைக்க விரும்புகிறோம். வேறுபாடு அவ்வளவே.

இனி, ஒலியைக் கொண்டு இடத்தை அறிவது எப்படி? சாளரம் மூடியிருக்கையில், மேடுபள்ளமான சாலையில் மட்டும் கிறீச்சொலி கேட்டால் ரப்பர் பட்டையின்மீது ஐயம் கொள்ளலாம். சாளரத்தைச் சற்றே சாய்த்துத் திறந்துவைத்து, அதே சாலையில் மறுபடியும் செல்லச் சொல்லிக் கேளுங்கள். ஒலி நின்றுவிட்டால் ஐயம் பெரும்பாலும் உறுதியாகிறது. திறக்கும்போதோ மூடும்போதோ முனகல் எழுந்தால் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். கடகடவென்ற ஒலியாயின் திருகாணி தளர்ந்திருக்கலாம். பிளாஸ்டிக் துண்டு தேய்ந்தோ உடைந்தோ இருக்கலாம். வேகமாகச் செல்கையில் மட்டும் சீழ்க்கை போன்ற ஒலி வந்தால் பலகை மட்டம் தவறி, இடைவெளியில் காற்று புகுகிறது என்று கொள்ளலாம். கடைசியாகச் சொன்ன இரண்டிற்கும் எந்த மசகும் மருந்தாகாது.

ரப்பருக்கு வேண்டிய மசகு எது? இங்கே வேதியியலின் துணை வேண்டும். ஒத்த இயல்புடைய பொருள்கள் ஒன்றில் ஒன்று எளிதிற் கலக்கும் என்பது நீங்கள் வகுப்பில் கற்ற உண்மை. காரின் கதவு, சாளரம் முதலியவற்றின் பட்டைகள் பெரும்பாலும் ஈ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. எத்திலீன், புரோப்பிலீன் ஆகிய ஹைடிரோகார்பன்களே அதன் முதன்மையான மூலப் பொருள்கள். இந்த ரப்பர் வெயிலையும் ஓசோனையும் மழையையும் நன்கு தாங்கும். ஆனால் பெட்ரோலிய எண்ணெயும் ஹைடிரோகார்பனே ஆதலால், அந்த எண்ணெய் ரப்பருக்குள் ஊடுருவி அதனை உப்பச் செய்யும், வலிமையையும் குறைக்கும்.

நான் அறிந்த ஒருவர், யாரோ சொன்னார்கள் என்று, எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ரப்பர் பட்டையில் தடவிவந்தார். ஒலி உடனே நின்றது, அவரும் மகிழ்ந்தார். சில மாதங்களில் பட்டை பருத்து நெளிந்தது. பலகை மட்டமாக மூட மறுத்தது. ஐப்பசி மழையில் கூரையின் உள்துணி நனைந்தது. சிறு ஒலிக்குச் செய்த மலிவான மருந்து, முழுப் பட்டையையும் மாற்றும் செலவில் முடிந்தது.

சிலிகோன் எண்ணெயின் அமைப்பு வேறு. அதன் சங்கிலியில் கரியணுக்கள் தொடர்ந்து வருவதில்லை. சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி வருகின்றன. ஆகவே அது ஈ.பி.டி.எம். ரப்பருக்குள் எளிதிற் புகாமல் மேற்பரப்பிலேயே மெல்லிய படலமாக நிற்கிறது. வெப்பத்திலும் குளிரிலும் அதன் இளகுதன்மை அதிகம் மாறுவதில்லை. இக்காரணங்களால் ரப்பருக்குச் சிலிகோன் கிரீஸே ஏற்றது. ஆனால் சிலிகோனால் ஆன ரப்பருக்குச் சிலிகோன் எண்ணெய் ஆகாது. ஒத்தது ஒத்ததை நாடும் என்ற அதே விதி அங்கே எதிராக வேலை செய்யும்.

தண்டவாளத்தில் உரசுவன உலோகமும் பிளாஸ்டிக்கும். அங்கே நெடுநாள் நிலைத்து நிற்கும் கிரீஸ் வேண்டும். கிரீஸ் என்பது எண்ணெயைச் சோப்பு போன்ற ஒரு பொருளில் தேக்கிவைத்த குழம்பு; பஞ்சு நீரை வைத்திருந்து சிறிது சிறிதாகக் கொடுப்பதுபோல, அது எண்ணெயைக் கொடுக்கிறது. பிளாஸ்டிக்கிற்குத் தீங்கு செய்யாத செயற்கை எண்ணெய்க் கிரீஸைக் காரின் கையேடு குறிப்பிடுமாயின் அதனையே கொள்க. சில கிரீஸ்களில் டெஃப்ளான் தூள் கலந்திருக்கும். 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த இப்பொருள், மிகக் குறைந்த உராய்வுடைய திடப்பொருள்களுள் ஒன்று.

வீடுதோறும் இருக்கும் தெளிப்பு எண்ணெயைப் பற்றியும் கூற வேண்டும். டபிள்யூ.டி.-40 என்பது 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், உலோகத்திலிருந்து நீரை விலக்கித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டது. அந்த வேலைக்கு அது சிறந்தது. ஆனால் அதிலுள்ள மெல்லிய கரைப்பான் தண்டவாளத்தில் உள்ள பழைய கிரீஸைக் கரைத்துவிடும், பின்னர்த் தானும் ஆவியாகிவிடும், முனகல் திரும்பிவரும்.

எந்த மசகாயினும் அழுக்கின்மேல் இடுவது தீமையே. மணல் கலந்த கிரீஸ், உப்புத்தாளைப்போல் அராவும். ஆகவே எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு, ஈரத்துணியால் பட்டையையும் தண்டவாளத்தையும் துடைத்து உலரவிட வேண்டும். பின்பு துணியில் சிறிதளவு மசகை எடுத்து மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். சிலிகோனை நேரே தெளித்தால் முன்கண்ணாடியில் படிந்து இரவில் பார்வையை மங்கச் செய்யும்; வண்ணப்பூச்சில் படிந்தால் பின்னால் அடிக்கும் புதுவண்ணம் அங்கே ஒட்டாது. சாளரத்தின் மூலைகளில் மழைநீர் இறங்கும் வடிகுழாய்கள் உண்டு. அவற்றின் வாய் இலையாலும் கிரீஸாலும் அடைபடாதவாறு பார்த்துக்கொள்வதும் அவசியம்.

1966-இல் பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையில் ஒரு குழு, உராய்வு, தேய்மானம், மசகு ஆகிய மூன்றையும் 'டிரைபாலஜி' என்ற ஒரே இயலாக வகுத்துக்காட்டியது. இம்மூன்றையும் பற்றிய அறியாமையால் நாட்டின் செல்வம் எவ்வளவு வீணாகிறது என்பதே அக்குழுவின் கவலை. அந்த வீண்செலவு பெரிய ஆலைகளில் மட்டும் நேர்வதன்று. ஒரு காரின் கூரையிலும் நேர்கிறது. ஒலி, எந்திரம் நம்மிடம் சொல்லும் செய்தி. அதை அடக்குவதற்கு முன் அதன் பொருளை அறிய வேண்டும். உரசும் இரு பொருள்களின் பெயரை நீங்கள் சொல்லிவிட்டால், மசகின் பெயரைக் கண்டுகொள்வது அரிதன்று.