கிதாருக்குத் துணை ஒன்றா, பலவா?

சென்ற விடுதி விழாவில் என் கிதார் நடுப்பாட்டில் ஊமையானதை நண்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான்கு பெடல்களை இணைத்த மூன்று சிறு கேபிள்களுள் ஒன்று பழுது. எது என்று கண்டுபிடிப்பதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. "எதை வாங்கலாம், அண்ணா?" என்று வரும் தம்பிமார்க்காக இதை எழுதுகிறேன்.

தனிப்பெடல் என்பது ஒரு வேலைக்கு ஒரு பெட்டி. 1962இல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன், ஒலியைக் கரகரப்பாக்குவது ஒன்றையே செய்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினரின் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டால் உலகப் புகழ் பெற்றது. 1978இல் பாஸ் வெளியிட்ட டிஎஸ்-1 பெடலில் குமிழ்கள் மூன்றே. குனிந்து ஒன்றைத் திருகினால் காது உடனே விடை சொல்லும். கற்பதற்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை. ஆனால் பெட்டிதோறும் விலை, பெட்டிதோறும் 9 வோல்ட் மின்சாரம்! எல்லாவற்றையும் ஒரே அடாப்டரில் மாட்டினால் சில சமயம் இரைச்சலும் இலவசமாகக் கிடைக்கும்.

டிஜிட்டல் கூட்டுப்பெட்டியோ, கிதாரின் அலையை எண்களாக்கிக் கணக்கிட்டு, மீண்டும் அலையாக்கித் தருகிறது. சில மில்லிவினாடித் தாமதம் உண்டு. என் காது அதை உணர்ந்ததில்லை. ஹெட்போன் மாட்டி நள்ளிரவிலும் வாசிக்கலாம், அறைத்தோழர் வாழ்த்துவார். குறை என்னவெனில், நூறு ஒலிகளைப் புரட்டிப் பார்ப்பதிலேயே மாலைப்பொழுது போய்விடும்.

கைப்பணம் குறைவாயின் முதலில் கூட்டுப்பெட்டியே வாங்குக. எந்த ஒலியை அடிக்கடி நாடுகிறீர்கள் என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். அதை மட்டும் பின்னர் தனிப்பெடலாக வாங்கி, கூட்டுப்பெட்டிக்கு முன்னே மாட்டலாம். நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். இடையே இப்போது ஒரே ஒரு கேபிள்தான். அதற்கும் மாற்று ஒன்று பையில் இருக்கிறது.