டிராக்டர் டீசலை விழுங்குகிறதா? என்ஜினைப் பிரிக்கும் முன் இதைப் பாருங்கள்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் டிராக்டருக்கு ஓய்வு குறைவு. கோடை மழை பெய்தால் ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்து மேட்டுக்காடுகளில் உழவு. மக்காச்சோளம், நிலக்கடலை விதைப்புக்கு ரோட்டவேட்டர். அறுவடை வந்துவிட்டால் சேகோ ஆலைக்குக் குச்சிக்கிழங்கு லோடு. இப்படி ஓடும் வண்டி ஒருநாள் திடீரென்று நின்றுவிடுவதில்லை. முதலில் டீசல் கூடுதலாகக் குடிக்கும். பிறகு, ஆக்சிலேட்டரை முழுதாகக் கொடுத்தாலும் இழுவை இருக்காது.

மணிக்கு ஒரு லிட்டர் கூடுதலாகச் செலவானால், ஆண்டுக்கு 600 மணி நேரம் ஓடும் வண்டியில் 600 லிட்டர் வீண். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தாலும் 54,000 ரூபாய். வாடகைக்கு உழுபவருக்கு லாபமே அதில் போய்விடும். இதைவிடப் பெரிய நஷ்டம், சில நூறு ரூபாய் ஃபில்டரில் முடிய வேண்டிய வேலைக்கு முழு என்ஜினையும் பிரிப்பது. எனவே, செலவில்லாததில் தொடங்கி வரிசையாகப் பாருங்கள்.

முதலில் கணக்கு

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, டேங்கை வாய் வரை நிரப்புங்கள். வழக்கமான வேலையை 4, 5 மணி நேரம் செய்யுங்கள். அதே இடத்தில் நிறுத்தி, அளவுக் குவளையால் மீண்டும் வாய் வரை நிரப்புங்கள். ஊற்றிய அளவுதான் செலவு. மணிக்கு எவ்வளவு, ஏக்கருக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்துக் காட்டு வண்டியோடு ஒப்பிட வேண்டாம். உங்கள் வண்டியின் பழைய கணக்கோடு, அதே கலப்பை, அதே மண் என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

பழைய வண்டிகளில் உள்ள கேபிள் மீட்டர், என்ஜின் குறிப்பிட்ட வேகத்தில் சுற்றினால்தான் கடிகார மணியைச் சரியாகக் காட்டும். வேகம் குறைந்தால் மீட்டரும் மெதுவாக ஓடும். ஆகவே, கைக்கடிகாரத்தில் நேரம் பாருங்கள்.

குறை என்ஜினிலா, வெளியிலா?

கலப்பையைத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, கை ஆக்சிலேட்டரை முழுதாகத் தள்ளுங்கள். கையேட்டில் சொன்ன உச்ச வேகத்தை என்ஜின் எட்டவில்லை என்றால், ஆக்சிலேட்டர் கம்பி தேய்ந்து முழுதாக இழுக்காமல் இருக்கலாம், அல்லது டீசல் வரத்து குறைந்திருக்கலாம். உச்ச வேகம் சரியாக வந்து, காட்டில் இறங்கியதும் வேகம் விழுந்தால் காற்று, டீசல், நாசில் அல்லது அதிக பாரம் காரணமாக இருக்கும். என்ஜின் வேகம் கூடியும் வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. கிளட்ச் பெடலில் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்.

அடுத்து பிரேக். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகில் கையைக் கொண்டு போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடு அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிரெய்லர் சக்கரங்களையும் விடாதீர்கள்.

டயர் நழுவினால் டீசல் வீண்

பின் டயரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கி, காட்டிலேயே சக்கரம் 10 சுற்று சுற்றும் வரை ஓட்டி, தூரத்தை அளங்கள். பிறகு கலப்பையை இறக்கி, அதே 10 சுற்றுக்கு அளங்கள். முதலில் 42 மீட்டர், அடுத்து 36 மீட்டர் என்றால் நழுவல் 14 சதவீதம். உழவில் 10 முதல் 15 சதவீதம் வரை சரி. 33 மீட்டர்தான் வந்தது என்றால் 21 சதவீதம் ஆகிவிட்டது. டயர் தேய்ந்திருக்கலாம், எடை போதாமல் இருக்கலாம், அல்லது வண்டிக்கு மீறிய கலப்பையாக இருக்கலாம். ரோட்டவேட்டர் வண்டியை முன்னால் தள்ளும் என்பதால், இந்தச் சோதனையைக் கொத்துக் கலப்பையோடு மட்டும் செய்யுங்கள்.

புகையின் நிறம்

கரும்புகை: காற்று போதவில்லை, பாரம் அதிகம், அல்லது நாசில் சரியாகத் தூவவில்லை.

வெண்புகை: காலையில் கிளப்பும்போது சற்று நேரம் வந்தால் கவலையில்லை. என்ஜின் சூடான பிறகும் தொடர்ந்தால் டீசலில் தண்ணீர், டைமிங் மாற்றம் அல்லது கம்ப்ரஷன் குறைவு. ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

நீலப்புகை: என்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், வால்வு கைடு, டர்போ ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஆயில் வகை ஏர் கிளீனரில் அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் இப்படி வரும்.

செம்மண் தூசியும் ஏர் கிளீனரும்

காய்ந்த செம்மண்ணில் ரோட்டவேட்டர் ஓட்டும்போதும், மக்காச்சோளம் அடிக்கும் இயந்திரத்தை டிராக்டரில் ஓட்டும்போதும் ஏர் கிளீனர் சீக்கிரம் அடைத்துவிடும். அந்த நாள்களில் தினமும் திறந்து பாருங்கள். ஆயில் வகையில் கிண்ணத்தின் அடியில் சேறு தங்கியிருந்தால் கழுவி, புது ஆயிலைக் கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். காகித ஃபில்டரை டயரில் தட்டாதீர்கள், டீசலில் கழுவாதீர்கள். குறைந்த அழுத்தக் காற்றை உள்ளிருந்து வெளியே அடியுங்கள். உள்ளே விளக்கைப் பிடித்துப் பார்த்து, ஓட்டை தெரிந்தால் மாற்றிவிடுங்கள். உள்ளிருக்கும் இரண்டாவது சிறு ஃபில்டரைச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஏர் கிளீனருக்கும் என்ஜினுக்கும் இடையிலான ரப்பர் குழாயில் விரிசலோ, கிளிப் தளர்வோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதன் வழியே போகும் தூசி ரிங்கையும் லைனரையும் அரைத்துவிடும். அதற்குப் பிறகு என்ஜினைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

டீசல் பாதை

இழுவை குறையும்போது டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உடனே வண்டி தெளிந்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் முத்து முத்தாகத் தெரிகிறதா என்று பார்த்து வடித்துவிடுங்கள். ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன மணிக்கணக்குப்படி மாற்றுங்கள். மாற்றியபின் கை பம்ப்பை அடித்து, ஏர்லாக் எடுக்க மறக்காதீர்கள். வேலை முடிந்த மாலையே டேங்கை நிரப்பினால், இரவில் உள்ளே நீர் கோர்ப்பது குறையும். பேரலில் டீசல் வைப்பவர்கள் அடிக்கசடு கலங்காமல் மேலிருந்து எடுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று ஊர் பேர் தெரியாத எண்ணெயை ஊற்றினால் பம்ப்பும் நாசிலும் போய்விடும்.

கசிவை அலட்சியம் செய்யாதீர்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டாம்

வெயிலுக்கு என்ஜின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. இதனால் என்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல், டீசலும் தேய்மானமும் கூடும். ரேடியேட்டர் வலையில் ஒட்டிய சருகை ஊதி, பெல்ட்டை இறுக்கினாலே பெரும்பாலும் சூடு தணியும்.

எப்போது பட்டறைக்கு?

இவ்வளவும் சரியாக இருந்தும் குறை தீரவில்லை என்றால் டேப்பெட் இடைவெளி, நாசில் அழுத்தம், பம்ப், கம்ப்ரஷன் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். லாரித் தொழிலால் நாமக்கல் பகுதியில் டீசல் பம்ப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. நாசிலை உங்கள் முன்னால் சோதிக்கச் சொல்லுங்கள். பனிபோலத் தூவ வேண்டும், சொட்டக் கூடாது. கம்ப்ரஷன் அளவைப் பார்க்காமல் என்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறையில் உள்ளது. இவற்றில் பல, காமன் ரெயில் வகை. முட்டை, காய்கறி ஏற்றும் இன்றைய டீசல் சரக்கு வண்டிகளும் கார்களும் பெரும்பாலும் இதே வகைதான். இவற்றில் டீசல் குழாய் நட்டை ஓடும்போது தளர்த்தவே கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஸ்கேனர் வைத்துப் பார்ப்பதே வழி. ஆனாலும் ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டயர் காற்று, பிரேக் ஆகிய நான்கையும் அதற்கு முன் நீங்களே பார்த்துவிடலாம்.

கூடுதல் விவரங்களுக்கு உங்கள் பகுதி வேளாண்மைப் பொறியியல் துறை உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகுங்கள். போகும்போது டீசல் கணக்கு எழுதிய நோட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.