குடும்பத்தில் வந்த நோயைச் சொல்லலாமா?

விராலிமலை வட்டாரத்துத் தாய்மார்கள் கருவுற்ற காலத்திலும், முப்பது வயதிற்குப் பின் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் செல்வது இன்று வழக்கமாகிவிட்டது. அங்கு, "குடும்பத்தில் எவருக்கேனும் புற்றுநோய் உண்டா?" என்று டாக்டர் வினவினால், பலர் "இல்லை" என்று கூறிவிடுகின்றனர். பெண்ணுக்கு வரன் தட்டிப்போகுமே என்னும் அச்சமே காரணம்.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார், அதனை மறைத்தாரில்லை. அத்துயரமே 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் எழத் தூண்டுகோலாயிற்று. பரம்பரைப் புற்றுநோய்க்கான ஆலோசனையும் அந்நிலையத்தில் வழங்கப்படுகிறது.

மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே பரம்பரையாக வருவது. பி.ஆர்.சி.ஏ. 1, 2 என்னும் மரபணுக்களில் நேரும் பழுதே அதற்கு முக்கிய காரணம் என்பது 1994, 1995ஆம் ஆண்டுகளில் தெளிவாயிற்று. முதல் மரபணுவில் பழுதுள்ள பெண்கள் நூறு பேரில் ஏறத்தாழ எழுபது பேருக்கு எண்பது வயதிற்குள் மார்பகப் புற்றுநோயும், நாற்பது பேருக்குச் சினைப்பைப் புற்றுநோயும் வரக்கூடும். பழுது ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்புடன் இறங்குகிறது. தந்தை வழியிலும் இறங்கும். ஆதலின் அத்தைக்கு வந்த நோயையும் சொல்ல வேண்டும். சொந்தத்தில் மணம் புரிந்ததால் இது வருவதன்று.

இரத்தத்தில் செய்யும் மரபணுப் பரிசோதனை எல்லோருக்கும் வேண்டுவதில்லை. உறவினரில் எவருக்கேனும் இளவயதில் மார்பகப் புற்றுநோயோ, எவ்வயதிலேனும் சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், டாக்டர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். நோயுற்றவர் உயிருடன் இருப்பின் அவரை முதலில் சோதிப்பதே முறை. அவரிடம் காணும் பழுதை மட்டும் மற்றவரிடம் தேடினால் போதும், செலவும் குறையும். சம்மதமின்றி எவரையும் சோதிக்கலாகாது.

பழுது இருப்பது நோய் இருப்பதன்று. அத்தகையோர் இருபத்தைந்து வயது முதல் ஆண்டுதோறும் மார்பகத்தை ஸ்கேன் செய்து வரலாம். சினைப்பை நோயை முன்னதாகக் காட்டும் நம்பகமான சோதனை இன்னும் இல்லை. ஆதலின் பிள்ளைப்பேறு முடிந்தபின், நாற்பது வயதிற்குள் சினைப்பைகளை அகற்றிக்கொள்ள டாக்டர்கள் யோசனை கூறுவர். மணமாகாத பெண்ணுக்கும் இவ்விவரம் பயன்படும். மறைத்த வீட்டில் அந்த வாய்ப்பே இல்லை.

மூன்று தலைமுறை உறவை விரல்விட்டு எண்ணுவதில் நம் கிராமத்துப் பாட்டிமார்களுக்கு நிகரில்லை. மொய் நோட்டே சாட்சி. அடுத்த முறை சுகாதார நிலையம் செல்லுமுன் அவர்களைக் கேட்டு, தாய்வழி தந்தைவழி இரண்டிலும் யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் நோய் கண்டது என ஒரு தாளில் குறித்துச் சென்று டாக்டரிடம் கொடுக்கலாம்.