பந்து தந்த வாழ்வு

கால்பந்தாட்டம் விளையாட்டு, அதுவே ஒருவருக்குப் பிழைப்பும் ஆகுமா? ஆகும் என்பதற்கும், அஃது எத்துணை நிலையற்ற பிழைப்பு என்பதற்கும் கேரளத்தின் ஐ. எம். விஜயன் சிறந்த சான்று.

1969 ஏப்ரல் 25-இல் திருச்சூரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார் விஜயன். சிறுவயதில் அவ்வூர் நகராட்சி மைதானத்தில் சோடா விற்றார். ஒரு புட்டிக்கு அவருக்குக் கிடைத்தது 10 காசு. பின்னர் பயிற்சி முகாமில் சேர்ந்து, டி. கே. சாத்துண்ணியிடம் ஆட்டத்தை முறையாகக் கற்றார். 17-ஆம் வயதில் கேரளப் போலீஸ் அணியில் இடம்பெற்றார். 1990-இல் அந்த அணி பெடரேஷன் கோப்பையை வென்றது.

நம் நாட்டில் கால்பந்து வீரர்கள் இருவகையில் பொருள் ஈட்டுகின்றனர். காவல்துறை, ரயில்வே போன்றவை வேலை கொடுத்துத் தம் அணியில் ஆட வைப்பது ஒருவகை. வில்லிவாக்கத்தை அடுத்துள்ள ஐ.சி.எப். தொழிற்சாலைக்கும் இத்தகைய அணி உண்டு. இதில் ஆட்டம் ஓய்ந்தாலும் வேலை நிற்கும். கிளப்புகள் ஒப்பந்தம் செய்து பணம் தருவது மற்றொரு வகை. பணம் அதிகம், ஆனால் காலில் காயம் பட்டாலோ, வயது ஏறினாலோ ஒப்பந்தம் முடிந்துவிடும்.

விஜயன் இரண்டையும் கண்டவர். 1991-இல் கல்கத்தாவின் மோகன் பகான் கிளப்புக்குச் சென்றார். பின்பு பஞ்சாபின் ஜே.சி.டி., எப்.சி. கொச்சின், ஈஸ்ட் பெங்கால் முதலிய அணிகளில் முன்கள வீரராக ஆடினார். 1993, 1997, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளில் இந்தியாவின் சிறந்த வீரராகத் தேர்வு பெற்றார். 1999-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில், பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12-ஆவது வினாடியிலேயே கோல் போட்டார்! 2003-இல் அர்ஜுனா விருது பெற்றார். 2006-இல் ஓய்வு பெற்றார்.

அவர் ஆடிய எப்.சி. கொச்சின் சில ஆண்டுகளிலேயே கலைந்தது. முதல் தேசிய லீக்கை வென்ற ஜே.சி.டி. அணியும் 2011-இல் கலைக்கப்பட்டது. இளமையில் கைகொடுத்த காவல்துறையே மீண்டும் அவரை ஏற்றுக்கொண்டது. 2025 வரை அங்கே பணியாற்றினார். அதே ஆண்டில் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

இந்த வாய்ப்பு ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. இந்திய மகளிர் அணிக்கு ஆடிய தமிழகத்தின் இந்துமதி கதிரேசனும் நம் மாநிலக் காவல்துறையில் உதவி ஆய்வாளர் பணி பெற்றவரே.

தாலந்தைத் தருபவர் இறைவன். அதை மண்ணில் புதைக்காமல் காப்பதில் பெற்றோருக்கும் அரசுக்கும் பங்கு உண்டு. மைதானத்தில் சோடா விற்ற சிறுவனுக்கு ஒரு பயிற்சி முகாமும் ஒரு வேலையும் கிடைத்திராவிட்டால், இந்தியா ஒரு மாபெரும் வீரரை இழந்திருக்கும் அன்றோ!