வலிப்பு மருந்தும் உடலின் உப்புக் கணக்கும்

குழந்தைகளின் வலிப்பு நோய்க்குத் தரப்படும் மருந்துகள் மூளை நரம்புகளின் மிகைத் துடிப்பை அடக்குவதோடு நில்லாமல், சிறுநீரகம், வியர்வைச் சுரப்பி, எலும்பு ஆகியவற்றையும் தொடுவதால், இரத்தத்தில் கரைந்துள்ள உப்புகளின் அளவு மாறக்கூடும். வைகாசி வெயிலில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்குக் கூட்டம் திரளும் காஞ்சிபுரத்தில் இது வெறும் பாடநூல் செய்தி அன்று.

1953-இல் வால்டர் ஷின்ட்லர் உருவாக்கிய கார்பமசெபினும், அதன் வழிவந்த ஆக்ஸ்கார்பசெபினும், நீரைத் தேக்கிவைக்கத் தூண்டும் வாசோபிரசின் என்னும் ஹார்மோனின் விளைவைச் சிறுநீரகத்தில் மிகுவிப்பதால், சிறுநீராக வெளியேற வேண்டிய நீர் உடலிலேயே தங்கிச் சோடியத்தை நீர்க்கச் செய்கிறது. லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய சோடியம் சற்றே குறைந்தால் பெரும்பாலான குழந்தைகளிடம் அறிகுறி ஏதும் தெரியாது. 125-க்குக் கீழே, அதுவும் விரைவாக, இறங்கினால் தலைவலி, வாந்தி, மயக்கம் ஆகியவற்றோடு வலிப்பே வந்துவிடலாம். இங்கேதான் உண்மையான ஆபத்து: அதை மருந்து போதாமையின் அடையாளமாகக் கருதி அளவைக் கூட்டினால், சோடியம் மேலும் சரியும். இக்குறைபாடு பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில் தோன்றுவதால், அக்காலத்தில் ஓர் எளிய இரத்தப் பரிசோதனை இக்குழப்பத்தைத் தவிர்க்கும்.

டோபிரமேட், சோனிசமைடு ஆகியவற்றின் போக்கு வேறு. இவை கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதியைத் தடுப்பதால், சிறுநீரகம் பைகார்பனேட்டை இழந்து இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. வியர்வையும் குறைவதால், தொற்று எதுவும் இல்லாமலே குழந்தையின் உடல் சுடலாம். எனவே, நிழலும் நிறையத் தண்ணீரும் இம்மருந்து உண்ணும் குழந்தைக்கு இன்றியமையாதவை, சிறுநீரகக் கல் உருவாகாமலிருக்கவும் நீர் உதவும்; ஆனால் ஆக்ஸ்கார்பசெபின் உண்ணும் குழந்தையைத் தாகத்திற்கு மேல் வெறும் நீரைக் குடிக்க வற்புறுத்தினால் சோடியம் இன்னும் நீர்த்துப்போகும். வெயிலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஒரே அறிவுரை இரண்டு மருந்துகளுக்கும் பொருந்துவதில்லை என்பதால், தண்ணீர்ப் பந்தலில் நிற்கும் பெற்றோருக்கு மருந்தின் பெயர் தெரிந்திருப்பது நல்லது. எதுவாயினும், மருத்துவரைக் கேளாமல் மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு கட்டுக்கடங்காமல் போகலாம்.

1912 முதல் பயன்படும் பீனோபார்பிட்டலும், 1938-இல் வந்த பெனிட்டாயினும் கல்லீரல் நொதிகளைத் தூண்டி வைட்டமின் டி-யை விரைவாகச் சிதைப்பதால், நாளடைவில் கால்சியம் குறைந்து எலும்பு மெலியலாம். பகலெல்லாம் தறி ஓடும் வீட்டுக்குள்ளேயே இருந்து வெயில் படாத குழந்தைக்கு இக்குறை இன்னும் கூடும். கால்சியம் குறையும் முன்பே அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்னும் நொதி இரத்தத்தில் உயரக்கூடும் என்பதால், மருத்துவர்கள் அவ்விரண்டையும் சேர்த்தே சோதிக்கின்றனர்.