ஆர்டர் குறைந்தால் வீட்டுத்தவணை என்னாகும்?

பின்னலாடை ஏற்றுமதியை நம்பியிருக்கும் திருப்பூருக்கு அடி வாங்குவது புதிதல்ல. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டது.

இப்படி ஒரு அடி விழுந்தால் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகும். சனிக்கிழமைச் சம்பளம் சுருங்கும். வெளியூர்த் தொழிலாளர்கள் ஊருக்குக் கிளம்ப, லைன் வீடுகள் காலியாகி வாடகை இறங்கும். மனை விலை மட்டும் சட்டென்று இறங்காது. விற்பவர் குறைக்க மனமில்லாமல் காத்திருப்பார்; கேட்டு வர ஆள் இருக்காது. 'விலை அப்படியேதானே இருக்கிறது, முடியாவிட்டால் விற்றுக் கடனை அடைத்துவிடலாம்' என்று தெம்பாக இருப்பவர்தான் கடைசியில் மாட்டிக்கொள்வார்.

வீட்டுக்கடன் தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன். அடுத்து, அடமான வீட்டைக் கோர்ட்டுக்குப் போகாமலே கையகப்படுத்த வங்கிக்கு வழிதரும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவில் நோட்டீஸ் வரும். பாக்கியைக் கட்ட 60 நாள் அவகாசம். அந்தத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதைவிட மடத்தனம் வேறில்லை. வாங்கிப் படித்து, தொகையில் தவறிருந்தால் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். ஏற்காவிட்டால் வங்கி 15 நாளுக்குள் காரணம் சொல்லியாக வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தினால், 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம், கோவையிலேயே இருக்கிறது. 'சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கித் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இதில் சிவில் கோர்ட்டுக்குப் பொதுவாக அதிகாரமில்லை.

இவ்வளவு தூரம் போகவிடாமல், முதல் தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போவது நல்லது. சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் நகலோடு, தவணைக் காலத்தை நீட்டச் சொல்லி மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நீட்டுவது வங்கியின் விருப்பம்தான். ஆனால் தாமதத்துக்கான அபராதத்தை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போட ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. கணக்கு அறிக்கையில் அதைத் தேடிப் பாருங்கள். புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் இருக்கிறது. வீட்டைக் காலி செய்து ஒப்படைத்தால், பாக்கி போக மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் உரிமையாளர் தர வேண்டும். வாடகை நிற்கிறது என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்த அவருக்கு உரிமையில்லை. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.