திண்டுக்கல் கோட்டை வட்டாரத்தில் பழைய குடியிருப்புகளைப் புதுப்பித்தலும் விற்றலும்

திண்டுக்கல் கோட்டை வட்டாரம் என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் நகரில் மலைக்கோட்டையின் அடிவாரத்தைச் சுற்றி அமைந்த பழைய நகரப் பகுதியாகும். இந்தக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். ஆகவே இதை ஒட்டியுள்ள வீடுகளையும் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் புதுப்பிப்பதற்கும் விற்பதற்கும், வழக்கமான பதிவு மற்றும் கட்டட விதிகளுடன் நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்துகிறது.

வரலாற்றுப் பின்னணி

திண்டு போன்ற வடிவுடைய கல்மலையே ஊருக்குத் திண்டுக்கல் என்ற பெயரைத் தந்தது எனப்படுகிறது. மதுரை நாயக்க மன்னர் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் 1605-இல் இம்மலை மீது கோட்டை கட்டத் தொடங்கினார். 18-ஆம் நூற்றாண்டில் கோட்டை மைசூர் ஆட்சியின் கீழ் வந்தது. 1755-இல் ஐதர் அலி இங்குப் படைத் தலைவராகப் பொறுப்பேற்றார். 1790-இல் ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றினர். 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கை வழியாகத் திண்டுக்கல் சீமை கிழக்கிந்திய நிறுவனத்தின் கைக்கு முழுமையாக வந்தது.

திண்டுக்கல் 1866-இல் நகராட்சியாகவும், 2014-இல் மாநகராட்சியாகவும் ஆனது. பூட்டு, தோல், சுருட்டுத் தொழில்களால் வளர்ந்த நகரில் கடைவீதிகளும் குடியிருப்புத் தெருக்களும் நெருக்கமாக அமைந்தன. ஓட்டு வீடுகளும் சுண்ணாம்புக் காரை வீடுகளும் இருந்த மனைகளில் பின்னர் கான்கிரீட் மாடி வீடுகளும் சிறிய அடுக்குமாடிகளும் எழுந்தன.

100 மீட்டர், 200 மீட்டர் விதி

பண்டைய நினைவுச்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம், 1958-இல் 2010-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள ஒவ்வொரு நினைவுச்சின்னத்தைச் சுற்றியும் இரண்டு வட்டாரங்களை வகுக்கிறது.

தடைசெய்யப்பட்ட பகுதி: பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசைகளிலும் குறைந்தது 100 மீட்டர். இதில் தனியார் புதிய கட்டடம் எழுப்பவோ, இடித்துவிட்டு மீண்டும் கட்டவோ முடியாது.

ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி: தடைசெய்யப்பட்ட பகுதியின் விளிம்பிலிருந்து மேலும் குறைந்தது 200 மீட்டர். இதில் முன் அனுமதி பெற்றுக் கட்டலாம், மீண்டும் கட்டலாம், பழுது பார்க்கலாம்.

தூரம் மலை உச்சியிலிருந்தோ கோட்டை வாசலிலிருந்தோ அளக்கப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு எல்லையிலிருந்தே அளக்கப்படுகிறது. எனவே ஒரே தெருவில் ஒரு வீடு முதல் பகுதியிலும் அடுத்த வீடு இரண்டாம் பகுதியிலும் வரக்கூடும்.

எது புதுப்பித்தல்

சட்டம் மூன்று சொற்களைத் தனித்தனியே வரையறுக்கிறது. மாடி ஏற்றுவதும் பக்கவாட்டில் அறை சேர்ப்பதும் ‘கட்டுமானம்’. பழைய நீள அகல உயரத்திலேயே திரும்ப எழுப்புவது ‘மறுகட்டுமானம்’. ஏற்கனவே நிற்கும் கட்டடத்தில் செய்யும் மாற்றங்கள் மட்டுமே ‘பழுதுபார்ப்பும் புதுப்பித்தலும்’ ஆகும்.

தடைசெய்யப்பட்ட பகுதியில் இந்த மூன்றாவது வகைக்கு மட்டும் அனுமதி கோரலாம். அதுவும் 1992 சூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடமாகவோ, அதன் பின் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதலுடன் கட்டப்பட்டதாகவோ இருக்க வேண்டும். விண்ணப்பம் தகுதிபெற்ற அதிகாரியிடம் அளிக்கப்படுகிறது. அவர் 15 நாள்களுக்குள் அதைத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதங்களுக்குள் கருத்துத் தெரிவிக்க வேண்டும். அதன் பின் 1 மாதத்துக்குள் அதிகாரி முடிவை அறிவிக்க வேண்டும். அனுமதியின்றிக் கட்டுவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இந்த அனுமதி உள்ளாட்சி அமைப்பின் கட்டட அனுமதிக்கு மாற்று அல்ல. தேவைப்படும் இடத்தில் இரண்டும் வேண்டும்.

பிரிக்கப்படாத பங்கும் விலையும்

அடுக்குமாடி வீட்டை வாங்குபவர் வீட்டுடன், மனையில் ஒரு பிரிக்கப்படாத பங்கையும் பெறுகிறார். எடுத்துக்காட்டாக, 2,400 சதுர அடி மனையில் தலா 800 சதுர அடி கொண்ட 6 வீடுகள் இருந்தால் மொத்தக் கட்டடப் பரப்பு 4,800 சதுர அடி. ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய நிலப் பங்கு 400 சதுர அடி.

கட்டடத்தின் மதிப்பு ஆண்டுதோறும் தேய்கிறது. நிலத்தின் மதிப்பு நிற்கிறது. கட்டடம் பழுதடைந்தால் உரிமையாளர்கள் சேர்ந்து அதை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்பதே பழைய அடுக்குமாடி வீட்டின் விலைக்கு அடிப்படை. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் இசைவுடன் இதற்கு வழி செய்கிறது.

கோட்டையிலிருந்து 100 மீட்டருக்குள் இந்த அடிப்படை பொருந்தாது. எல்லா உரிமையாளர்களும் ஒத்துக்கொண்டாலும் அங்கு மறுகட்டுமானத்துக்கு இடமில்லை. கட்டடம் நிற்கும் வரைதான் வீடு; விழுந்தால் மிஞ்சுவது வெறும் மனையில் ஒரு பங்கு. ஆகவே இங்கு விற்பனைக்கு வரும் வீட்டின் உண்மையான மதிப்பை, கட்டடம் இன்னும் எத்தனை ஆண்டு உறுதியாக நிற்கும் என்பதே தீர்மானிக்கிறது.

கட்டடத்தின் நிலையை அறிதல்

புதிய டைல்சும் வண்ணப்பூச்சும் பொய்க்கூரையும் கட்டடத்தின் ஆயுளைக் கூட்டுவதில்லை. சில வேளைகளில் பழுதை மறைத்துவிடுகின்றன. கான்கிரீட் கட்டடத்தில் ஈரம் புகுந்தால் உள்ளே உள்ள கம்பி துருப்பிடிக்கும். துரு கம்பியை விட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது. கம்பியை ஒட்டி நீளும் விரிசல், கூரையில் பழுப்புக் கறை, தட்டினால் கேட்கும் பொள்ளல் ஒலி ஆகியவை இதன் அறிகுறிகள். குளியலறையின் கீழ்த்தளக் கூரையும் மொட்டை மாடியை ஒட்டிய கூரையும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். கூடத்தைப் பெரிதாக்கச் சுவர் அகற்றப்பட்டிருந்தால், அது சுமை தாங்கும் சுவரா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டறிவது அவசியம்.

செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட பழைய வீடுகளில் சிக்கல் வேறு. சுண்ணாம்புப் பூச்சு சுவரிலுள்ள ஈரத்தை வெளியேற விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உப்புப் பூத்து உதிரும். இவ்வகை வீடுகளுக்குச் சுண்ணாம்புக் காரையே ஏற்ற பூச்சாகும்.

விற்பனை நடைமுறை

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத ஒப்பந்தம், கட்டட விதி மீறல், நினைவுச்சின்னச் சட்டத் தடை ஆகியவை அதில் தெரியாது. ஆகவே பின்வருவனவும் பார்க்கப்படுகின்றன:

- அசல் மூலப் பத்திரங்களும் பட்டாவும்
- அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடமும் நேரில் உள்ள தளங்களின் எண்ணிக்கையும்
- 1992-க்கு முன் கட்டடம் இருந்ததற்கான வரி இரசீது, மின் இணைப்பு, பழைய பத்திரம் போன்ற சான்றுகள்
- புதுப்பித்தலுக்குப் பெற்ற அனுமதி ஆணை
- பத்திரத்தில் குறிக்கப்பட்ட பிரிக்கப்படாத பங்கின் அளவு

வரைபடத்தில் இரண்டு தளங்களும் நேரில் மூன்று தளங்களும் இருந்தால், மூன்றாம் தளத்தில் உள்ள வீட்டை வாங்குபவருக்கே இழப்பு அதிகம். தடைசெய்யப்பட்ட பகுதியில் அத்தகைய தளம் ‘கட்டுமானம்’ ஆகிவிடுவதால் அதை அகற்றும்படி ஆணை வரக்கூடும்.

சொத்து உரிமை மாற்றச் சட்டம், 1882-இன் 55-ஆம் பிரிவின்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாத முக்கியக் குறைகளை விற்பவர் தெரிவிக்க வேண்டும். கட்டட விற்பனை (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம், 2016 கட்டுநர் விற்கும் திட்டங்களில் கட்டமைப்புக் குறைகளுக்கு 5 ஆண்டுப் பொறுப்பைச் சுமத்துகிறது. ஆனால் தனி உரிமையாளர் ஒருவர் தம் பழைய வீட்டைப் புதுப்பித்து மறுவிற்பனை செய்வதற்கு இது பொருந்துவதில்லை. எனவே புதுப்பித்த வீட்டை அவரிடம் வாங்குபவருக்கு, பத்திரம் பதியும் முன் செய்யும் ஆய்வே முதன்மையான பாதுகாப்பாக அமைகிறது.